மலிவு வேறு, விலை குறைவு வேறு: ஜெர்மன் வெள்ளை ஒயினை அறிந்து வாங்குவது எப்படி?

மது என்று சொன்னவுடனேயே நம் சமுதாயத்தில் இரண்டு குரல்கள் எழும். தொடவே கூடாது என்பது ஒரு குரல். வள்ளுவரே 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களைத் தந்திருக்கிறார். அந்தக் குரலுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பின்னணி உண்டு. மற்றொரு குரல், அளவோடு இருந்தால் தவறில்லை என்கிறது. திருமண விருந்து, அலுவலக ஆண்டிறுதி விருந்து, நண்பருக்குக் கொடுக்கும் பரிசு என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒயின் போத்தல் நுழையும் வீடுகள் பெருகிவிட்டன. இந்த இரு குரல்களுக்கும் நடுவில் கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு. வாங்குகிறவர், தாம் எதை வாங்குகிறோம் என்று தெரிந்துதான் வாங்குகிறாரா?

இந்தக் கேள்வி பொழுதுபோக்குக்கானது அன்று. மலேசியத் தமிழர் வரலாற்றில் 'மலிவான மது' என்ற சொல்லுக்குக் கொடுத்த விலை பெரிது. தோட்டப்புறங்களில் கூலி கிடைத்த நாளிலேயே அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டது கள்ளுக்கடை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலை நிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கள்ளுக்குப் பின் வந்த சம்சு, சின்னஞ்சிறு போத்தல்களில் இன்னும் பெரிய கேட்டைக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் மாண்டதை நாடே பார்த்தது. விலை குறைவாக இருந்தது என்பதுதான் அந்தப் போத்தல்களின் கவர்ச்சி.

ஆகவே, குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுவதற்கு அல்ல, வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவதற்கே இந்த விளக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்ளலாம். தரத்துக்கும் விலைக்கும் உள்ள உறவு, பெயரால் ஏமாறுவது, சர்க்கரை அளவு, நம் சாப்பாட்டுக்கு ஏற்றதா என்பது ஆகிய எல்லாப் பாடங்களும் இந்த ஒரே போத்தலில் அடங்கியிருக்கின்றன.

போத்தலின் விலையில் என்ன இருக்கிறது?

கடையில் ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் ஒயினுக்குப் போவதில்லை. கண்ணாடிப் போத்தல், மூடி, அட்டைப் பெட்டி, கப்பல் கட்டணம், இறக்குமதியாளர் செலவு, கடை வாடகை, வரி ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். இவற்றுள் வரியைப் புரிந்துகொள்வது முக்கியம்.

2016 மார்ச் மாதம் முதல் மலேசியாவில் மதுவுக்கான கலால் வரி, அதில் உள்ள சுத்தமான ஆல்கஹாலின் அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நுரைக்காத திராட்சை ஒயினுக்கு ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 150 ரிங்கிட் என அப்போது வகுக்கப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் மதுவுக்கான கலால் வரி 10 விழுக்காடு உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்குக் கலால் வரி ஏறக்குறைய 17 ரிங்கிட் 33 சென். 8 விழுக்காடு மட்டுமே உள்ள போத்தலுக்கு 9 ரிங்கிட் 90 சென். இறக்குமதி வரியும் விற்பனை வரியும் இதற்கு மேல் தனி.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரியவருகின்றன. முதலாவது, ஆல்கஹால் குறைந்த ஒயினுக்கு வரியும் குறைவு. மோசல் ஒயின்களில் பல 8, 9 விழுக்காட்டில் நிற்பவை. இரண்டாவது, இந்த வரி உள்ளே இருப்பது நல்ல ஒயினா மட்டமான ஒயினா என்று பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்காக, போத்தல், கப்பல், வரி எல்லாம் சேர்த்து 30 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 ரிங்கிட் போத்தலில் மிஞ்சுவது 15 ரிங்கிட். 75 ரிங்கிட் போத்தலில் மிஞ்சுவது 45 ரிங்கிட். கடைக்காரரின் இலாபத்தைக் கழித்தாலும், திராட்சைக்கும் உழைப்புக்கும் போகும் பங்கு இரண்டாவதில் பல மடங்கு. விலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் பொருளின் மதிப்போ மூன்று மடங்கு. மிகக் குறைந்த விலைப் போத்தல் பெரும்பாலும் மலிவானது அன்று என்பதற்கு இதுதான் காரணம். அதே நேரத்தில் விலை ஏற ஏறத் தரமும் முடிவில்லாமல் ஏறும் என்பதும் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பெயருக்கும் அரிதான தன்மைக்கும்தான் பணம் போகிறது.

மோசலின் சிறப்பு என்ன?

மோசல் ஆறு பிரான்சின் வோஜ் மலைகளில் தோன்றி, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனிக்குள் வளைந்து வளைந்து ஓடி, கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. மோசல் கரையோ ஏறத்தாழ ஐம்பது பாகையில் இருக்கிறது. அவ்வளவு குளிர்ந்த இடத்தில் திராட்சை பழுப்பதே அருமை. அதைச் சாத்தியமாக்குவது, ஆற்றங்கரையில் தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவுகளும் அங்குள்ள சிலேட்டுப் பாறையும்தான். அந்தக் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய அதே சிலேட்டுக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கொடிகளுக்கு வெப்பம் தருகிறது. ரோமானியர் காலத்திலிருந்தே இங்கே திராட்சை பயிராகிறது.

பிரெம் என்ற ஊரில் உள்ள கல்மோண்ட் சரிவு, ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. அங்கே இயந்திரம் ஏற முடியாது. கொடியைக் கட்டுவதும் கிளையை வெட்டுவதும் குலையைப் பறிப்பதும் கையால்தான். அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். விடியற்காலையில் மரம் சீவப் போன தலைமுறையின் வழிவந்தவர்களுக்கு, இந்த உழைப்பின் எடையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தின் அரசி ரீஸ்லிங் என்ற திராட்சை. ஆல்கஹால் குறைவாக இருந்தாலும் சுவை நிறைந்திருப்பதும், எலுமிச்சை போன்ற புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதும் அதன் தனிக்குணம்.

புகழ் இருந்தும் விலை ஏறாதது ஏன்?

1900-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மோசல், ரைன் கரை ரீஸ்லிங் ஒயின்கள் பிரான்சின் போர்தோ ஒயின்களுக்கு நிகரான விலைக்கு விற்றன. அந்தப் புகழைக் கெடுத்தது வெளியார் அல்லர். 1970-களிலும் 80-களிலும் சர்க்கரைத் தண்ணீர் போன்ற மட்டமான வெள்ளை ஒயின்கள் 'லீப்ஃபிரௌமில்ஷ்' போன்ற பெயர்களில் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. 1985-இல் ஆஸ்திரிய ஒயின்களில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இரசாயனம் கலக்கப்பட்டது அம்பலமானபோது, அந்த ஒயினை வாங்கித் தங்கள் ஒயினில் கலந்த சில ஜெர்மானிய நிறுவனங்களும் சிக்கின. குறைந்த விலை ஒயினைத் தரமான இனிப்பு ஒயினாகக் காட்டவே அந்தக் கலப்படம் நடந்தது. பேராசை எந்த நாட்டிலும் ஒரே வழியில்தான் நடக்கிறது.

நல்ல பெயரைக் கெடுக்க ஒரு நாள் போதும். மீட்க ஒரு தலைமுறை ஆகும். இன்று மோசலில் உலகத் தரமான ஒயின் செய்யும் குடும்பப் பண்ணைகள் பல இருந்தும், பழைய கெட்ட பெயரும் வாயில் நுழையாத லேபிளும் வாங்குபவரைத் தள்ளி நிறுத்துகின்றன. ஆகவே தரம் உயர்ந்த அளவுக்கு விலை உயரவில்லை. லேபிளை வாசிக்கக் கற்றவருக்கு இதுவே வாய்ப்பு.

லேபிளை வாசிக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது திராட்சையின் பெயர். 'ரீஸ்லிங்' என்று எழுதியிருந்தால், குறைந்தது 85 விழுக்காடு அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பெயரே இல்லாவிட்டால், எளிதில் விளையும் வேறு வகைத் திராட்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, போத்தலில் அடைத்தவர் யார் என்பது. 'குட்ஸ்அப்ஃப்யூலுங்' என்றால் தன் தோட்டத்துத் திராட்சையைப் பண்ணையே ஒயினாக்கி அடைத்தது என்று பொருள். 'எர்ட்சாய்கர்அப்ஃப்யூலுங்' என்பதும் விளைவித்தவர் அடைத்தது. விவசாயிகள் கூட்டுறவும் இச்சொல்லைப் பயன்படுத்தலாம். 'அப்ஃப்யூலர்' என்று மட்டும் இருந்தால், எங்கிருந்தோ வாங்கி அடைத்தது. வாங்கி அடைப்பதெல்லாம் மோசம் என்று தள்ளிவிடவும் கூடாது. பெர்ன்காஸ்டல் ஊரின் டாக்டர் லோசன் பண்ணை, மற்ற விவசாயிகளின் திராட்சையைக் கொண்டு 'டாக்டர் எல்' என்ற தொடக்கநிலை ரீஸ்லிங்கைச் செய்கிறது. நல்ல கைக்காரரின் பெயர் பின்னால் இருந்தால், அப்படிப்பட்டதே முதல் முயற்சிக்கு ஏற்றது.

மூன்றாவது, கழுகுச் சின்னம். திராட்சைக் குலையைத் தாங்கிய கழுகு மூடியின் மேல் இருந்தால், அது 1910-இல் தோன்றிய விடிபி என்ற சிறந்த பண்ணைகளின் சங்கத்தைச் சேர்ந்தது. கழுகு இல்லாத நல்ல பண்ணைகளும் உண்டு. ஆனால் தெரியாத கடையில் தெரியாத பெயர்களுக்கு நடுவே நிற்பவருக்கு அது ஒரு துணை.

நான்காவது, பரிசோதனை எண். ஜெர்மனியில் தர ஒயின் என்று விற்கப்படும் ஒவ்வொன்றும் ஆய்வுக்கூடச் சோதனையும் சுவைச் சோதனையும் கடந்து, ஓர் அதிகாரபூர்வ எண்ணைப் பெற வேண்டும். அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சோதனை நடந்த ஆண்டைக் காட்டும்.

பெயரில் ஒளிந்திருக்கும் பொறி

ஜெர்மானிய லேபிளில் வாங்குபவர் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'பீஸ்போர்டர் கோல்ட்ட்ரோப்ஃஷென்' என்பது பீஸ்போர்ட் ஊரின் புகழ்பெற்ற ஒரு தனிச் சரிவு. 'பீஸ்போர்டர் மிஹெல்ஸ்பெர்க்' என்பதோ, பல ஊர்களின் சமவெளித் தோட்டங்களையும் சேர்த்து 1971-ஆம் ஆண்டு ஒயின் சட்டம் வரைந்த ஒரு பெரிய வட்டம். இரண்டு பெயர்களும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. கருப்புப் பூனைப் படம் போட்டு வரும் 'ட்ஸெல்லர் ஷ்வார்ட்ஸெ காட்ஸ்' என்பதும் அத்தகைய பெரிய வட்டத்தின் பெயரே. ஊரின் பெயர் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது என்று நம்பி வாங்குபவர், எங்கெங்கோ விளைந்ததைக் கொண்டுபோகிறார்.

2021-இல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தியது. 2026-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இத்தகைய பெரிய வட்டத்தின் பெயருக்கு முன்னால் 'வட்டாரம்' என்ற பொருள்தரும் 'ரெகியோன்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுப் போத்தல்கள் பழைய லேபிளுடனேயே கடைகளில் இருக்கும் என்பதால் கவனம் தேவை. குழப்பம் வந்தால் எளிய வழி ஒன்று உண்டு. மிஹெல்ஸ்பெர்க் என்ற பெரிய பெயர் கொண்ட ஒயினைவிட, ஒரு நல்ல பண்ணையின் பெயரும் 'மோசல் ரீஸ்லிங்' என்ற இரண்டு சொற்களும் மட்டுமே உள்ள எளிய போத்தல் மேலானதாக இருக்கும்.

அடுத்தது 'கபினெட்', 'ஷ்பேட்லேஸ', 'அவுஸ்லேஸ' என்ற படிநிலைகள். இவை பறித்த நேரத்தில் திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்பவை. கபினெட் குறைவாகப் பழுத்தது, அவுஸ்லேஸ மிகவும் பழுத்தது. மேல்படி என்பதால் மேலான ஒயின் என்று ஆகிவிடாது. அன்றாடச் சாப்பாட்டுக்கு எடுப்பவருக்குக் கபினெட்டே போதும். பணத்துக்கு நிறைவான மதிப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

சர்க்கரைக் கணக்கு

நம் சமுதாயத்தினர் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிக அதிகம்.

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால் உண்டாகிறது. 11 விழுக்காடு வரை போகக்கூடிய சாற்றை 8 விழுக்காட்டில் நிறுத்திவிட்டால், மூன்று விழுக்காட்டுக்கு உரிய சுமார் 50 கிராம் சர்க்கரை ஒவ்வொரு லிட்டரிலும் தங்கிவிடும். 150 மில்லிலிட்டர் கிண்ணத்தில் அது ஏழரை கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. ஆகவே மோசல் போத்தலில் ஆல்கஹால் 7, 8, 9 என்று இருந்தால் இனிப்பு என்றும், 11-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இனிப்பற்றது என்றும் அறியலாம். 'ட்ரோக்கன்' என்ற சொல் இருந்தால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான். 'ஹல்ப்ட்ரோக்கன்', 'ஃபைன்ஹெர்ப்' என்பவை நடுத்தர இனிப்பு.

நீரிழிவு உள்ளவர்கள், மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், சர்க்கரை குறைவான ஒயின் பாதுகாப்பானது என்று தாங்களே முடிவு செய்யக் கூடாது. ஆல்கஹால் சில வேளைகளில் இரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். மருத்துவரைக் கேட்பதே முறை.

காரத்துக்கு ஏற்றது

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டின் மீன் வறுவலும், கிள்ளான் வீடுகளின் நண்டுப் பிரட்டலும் சிவப்பு ஒயினோடு ஒத்துப்போவதில்லை. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு அதை இன்னும் கடுமையாக்கும். இனிப்பும் குளிர்ச்சியும் எரிச்சலை அடக்கும். புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வெட்டும். புளியும் வெல்லமும் சேர்ந்த குழம்பின் நியாயமும் இதுதான். 8 விழுக்காட்டுக் கபினெட் ரீஸ்லிங் நம் காரச் சாப்பாட்டுக்கு ஏற்றதாக இருப்பது தற்செயல் அன்று.

வெயில் என்ற எதிரி

நல்ல ஒயினும் நம் நாட்டு வெப்பத்தில் கெட்டுப்போகும். கடையின் கண்ணாடி முகப்பில் வெயில் படும்படி நிற்கும் போத்தலை எடுக்க வேண்டாம். தக்கை மேலே தள்ளிக்கொண்டிருப்பது, கழுத்தில் பிசுபிசுப்பு, இளம் ஒயின் பழுப்பாக மாறியிருப்பது ஆகியவை வெப்பம் தாக்கியதன் அடையாளங்கள். வாங்கிய போத்தலைக் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதும் கூடாது. பெரிய தள்ளுபடி அறிவிப்பைப் பார்த்தால் அறுவடை ஆண்டையும் பார்க்க வேண்டும். பல ஆண்டு அலமாரியில் வெந்த எளிய ஒயின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நட்டமே.

போத்தலில் இறக்குமதியாளர் பெயரும் சுங்கத்துறையின் வரி முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போய் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறித்த பிறகே தெரியும். வரி கட்டாத போத்தலில் மிச்சமாகும் பத்து இருபது ரிங்கிட்டுக்கு அந்த விலை மிக அதிகம்.

சட்டமும் அளவும்

2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மலேசியாவில் மது விற்கக் கூடாது. 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, வாகனமோட்டியின் இரத்தத்தில் இருக்கக்கூடிய ஆல்கஹாலின் உச்ச அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. எந்த அளவு மதுவும் உடலுக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஆல்கஹால் குறைந்த ஒயின் என்பதற்காகக் கிண்ணங்களைக் கூட்டினால், குறைந்ததெல்லாம் திரும்ப ஏறிவிடும்.

குடிக்காத வீடு குடிக்காமலே இருப்பது நல்லது. குடும்பச் செலவுக்குரிய பணத்தில் போத்தல் வாங்குவது எந்த விலையிலும் மலிவாகாது. வாங்கும் வசதியும் விருப்பமும் உள்ளவர், மாதத்தில் வாங்கும் மூன்று மட்டமான போத்தல்களுக்குப் பதில், லேபிளை வாசித்து, ஒரு நல்ல போத்தலை வாங்கி, அதை நான்கு பேரோடு பகிர்ந்து, சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டால், பணமும் மிஞ்சும், உடலும் மிஞ்சும், வீட்டில் அமைதியும் மிஞ்சும். கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய தலைமுறை கேட்டதும் தங்கள் உழைப்பின் பணம் வீணாகக் கூடாது என்பதைத்தான்.